கத்தோலிக்கர் சொல்லும் ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு’ என்றால் என்ன?

பிரிந்து கிடக்கும் சபைகள் மறுபடி ஒன்றாவதற்காகப் பேசிப் பழகி, சேர்ந்து ஜெபிக்கும் முயற்சிதான் ஒன்றிப்பு. இதற்கென்றே 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடு) ஓர் ஆணை வெளியிட்டது.

இந்த ஒன்றிப்புக்கு அடிப்படை, திருமுழுக்கு (ஞானஸ்நானம்). முறையாக அதைப் பெற்ற பிராட்டஸ்டன்ட் ஒருவர் கத்தோலிக்கரானால் மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை. அவர் ஏற்கெனவே உறவுக்காரர். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி: உலை தனி, ரத்தம் ஒன்று.

மனிதன் மீட்படைவது கடவுளின் அருளால்தான் என்று 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் வத்திக்கானும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்திட்டன. 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்தை எதிர்த்துச் சீர்திருத்தம் கேட்ட மார்ட்டின் லூத்தர் காலத்துச் சண்டையின் மையமே அதுதான்! நற்கருணை (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு), குருத்துவம் (குருவின் பணி) விஷயங்கள் இன்னும் தீரவில்லை.

‘எல்லாச் சபையும் ஒன்றுதான்’ என்று கத்தோலிக்கம் ஒப்புக்கொண்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கொள்கையை மழுப்பும் போலிச் சமாதானம் கூடாது என்று அந்த ஆணையே எச்சரிக்கிறது.