ஸ்டார் பாயிண்டை எங்கே கட்டுவது?

கேள்வி: ஜப்பானில் ஓடிய பழைய சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) ஒன்று வாங்கியிருக்கிறேன். அதற்கு 200 வோல்ட் மூன்று பேஸ் வேண்டும் என்பதால் 415-க்கு 200, டெல்டா-ஸ்டார் (உள்ளே வரும் பக்கம் காயில்கள் முக்கோணமாக, வெளியே போகும் பக்கம் ஒரு புள்ளியில் சேரும்), 20 கேவிஏ டிரான்ஸ்பார்மரும் வாங்கியாயிற்று. 200 வோல்ட் வெளியே வரும் செகண்டரியில் மூன்று பேஸ் போக 'என்' என்று நாலாவது டெர்மினல் இருக்கிறது. ஒரு எலெக்ட்ரீஷியன் அதை இ.பி. நியூட்ரலோடு சேர்க்கச் சொல்கிறார். இன்னொருவர் ஒன்றும் கட்டாமல் சும்மா விடச் சொல்கிறார். மெஷினுக்குத் தனி எர்த் பிட்டும் போட்டாயிற்று. இப்போதைக்குச் சும்மாதான் விட்டிருக்கிறோம், ஆனால் பேஸுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் ஒரு நேரம் 60 காட்டுகிறது, ஒரு நேரம் 140 காட்டுகிறது. டிரான்ஸ்பார்மர் கெட்டுவிட்டதா?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: டிரான்ஸ்பார்மர் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் சொன்னதும்தான் சரியில்லை.

இந்த டிரான்ஸ்பார்மரின் உள்ளே பிரைமரிக்கும் செகண்டரிக்கும் கம்பித் தொடர்பே கிடையாது, காந்தப்புலம் வழியாகத்தான் மின்சக்தி தாண்டுகிறது. அதனால் செகண்டரி பக்கம் தனியாக ஒரு குட்டி சப்ளை மாதிரி, இ.பி. எங்கோ எர்த் செய்து வைத்திருப்பது இதற்குச் செல்லாது. 'என்' டெர்மினலை, அதாவது செகண்டரியின் மூன்று காயிலும் சேரும் ஸ்டார் பாயிண்டை, எதிலும் கட்டாவிட்டால் மூன்று பேஸும் தரையைப் பொறுத்தவரை அந்தரத்தில் தொங்கும், காயிலுக்கும் கேபிளுக்கும் தரையோடு இருக்கும் கெபாசிட்டன்ஸ் (தொடாமலே மின்சாரம் கொஞ்சம் கசியும் தன்மை) எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்த அளவை மீட்டர் காட்டும். உங்கள் 60, 140 எல்லாம் அதுதான். பேஸுக்கும் பேஸுக்கும் வைத்துப் பாருங்கள், 200 ஒழுங்காக வரும்.

அப்படியே ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ஓடும், அதுதான் சிக்கலே. ஒரு பேஸ் வயர் உரசி பாடியைத் தொட்டால் எதுவும் டிரிப் ஆகாது, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டு பேஸும் அப்போது தரைக்கு 200 வோல்ட்டில் நிற்கும். அடுத்து இன்னொரு பேஸ் தொடும் நாளில் நேர் ஷார்ட். மெஷினின் மோட்டார்களை ஓட்டும் எலெக்ட்ரானிக் பெட்டியான சர்வோ டிரைவில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே போட்டிருக்கும் சர்ஜ் அப்சார்பர், ஃபில்டர் கெபாசிட்டர் எல்லாம் அதற்குள்ளேயே அடி வாங்கும். பழைய ஜப்பான் டிரைவ் போர்டு என்ன விலை, எத்தனை நாள் அலைய வேண்டும் என்று உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள் ஒரு செம்புப் பட்டையை எர்த் பாராக வையுங்கள். 'என்' டெர்மினல், டிரான்ஸ்பார்மரின் கோர், பெட்டி, மெஷினிலிருந்து வரும் எர்த் வயர், எல்லாம் அந்த ஒரே பாரில் லக் அடித்து இறுகட்டும். அந்தப் பாரிலிருந்து தொழிற்சாலையின் மெயின் எர்த்துக்கு ஒரு வயர். அவ்வளவுதான். இதன்பின் ஒவ்வொரு பேஸுக்கும் பாடிக்கும் 115 வோல்ட் நிலையாக நிற்கும். ஜப்பானில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பேஸையே எர்த் செய்திருப்பார்கள். அதனால் பழைய குறிப்பில் 'எர்த்துக்கு 0, 200, 200' என்று யாராவது எழுதி வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். எதற்கும் மெஷின் கையேட்டில் சப்ளை பற்றிய பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இ.பி. நியூட்ரலுக்கு இங்கே வேலையே இல்லை. பிரைமரி டெல்டா, மூன்று பேஸும் எர்த்தும் போதும். பேனலிலிருந்து நியூட்ரலை இழுத்து வந்து, எர்த் பாரில் இருக்கும் 'என்'னில் சேர்த்தால் நியூட்ரலும் எர்த்தும் உங்கள் ஷெட்டுக்குள் கலந்துவிடும். அப்புறம் மற்ற லோடுகளின் கரண்ட் எர்த் பட்டை வழியாகத் திரும்பும், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை நிறுத்தும் சுவிட்ச்) காரணமில்லாமல் விழும்.

அந்தத் தனி எர்த் பிட் விஷயத்துக்கு வருகிறேன். சிஎன்சி என்றாலே தனிக் குழி என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள்: மெஷின் குழி 4 ஓம், தொழிற்சாலை எர்த் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் பாடியைத் தொட்டால் கரண்ட் மண்ணுக்குள் இறங்கி மெயின் எர்த்தில் ஏறி ஸ்டார் பாயிண்டுக்குத் திரும்ப வேண்டும். 115-ஐ 5-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். உங்கள் 63 ஆம்பியர் பிரேக்கர் அதை லோடு என்றே நினைக்கும், பாடியோ 92 வோல்ட்டில் நிற்கும், ஆபரேட்டரின் கை அதன் மேல். அதே இடத்தில் 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் ஒன்று எர்த் பாருக்கு நேராக வந்தால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து பிரேக்கர் உடனே விழும். குழியை மூட வேண்டாம், அதையும் மெயின் எர்த்தோடு கம்பியால் இணைத்துவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் சப்ளையை நிறுத்திவிட்டு பிரைமரிக்கும் செகண்டரிக்கும் கன்டினியூட்டி (கம்பித் தொடர்பு இருக்கிறதா என்று) மீட்டரில் பாருங்கள். பஸ்ஸர் அடித்தால் உங்களிடம் டெல்டா-ஸ்டார் என்று சொல்லி இரண்டு பக்கத்துக்கும் ஒரே காயில் உள்ள ஆட்டோ டிரான்ஸ்பார்மரை விற்றிருக்கிறார்கள். மேலே சொன்ன எதையும் அதற்குச் செய்யாதீர்கள், கடைக்காரரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறை பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட் காட்டுகிறது. இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் சரியாகிவிடும் என்கிறார் வயர்மேன்.
– வாசகர், திருப்பூர்

பதில்: மீட்டரில் சைபர் வரும், உண்மைதான். லோடு ஓடும்போது நியூட்ரல் வயரிலேயே 2 வோல்ட் விழுவது சகஜம், அதில் பழுது ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துண்டு வயரைப் போட்டபின் என்றாவது எர்த் வயரும் நியூட்ரலும் சப்ளை வரும் பக்கத்தில் ஒன்றாகக் கழன்றால், செருகியிருக்கும் கிரைண்டரின் இரும்பு உடம்புக்கு 230 வோல்ட் வரும். போட்டுவிட்டாரென்றால் இன்றே கழற்றச் சொல்லுங்கள்.