மகனின் ஹீரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை

கேள்வி: நாங்கள் சார்லட் நகருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. என் 11 வயது மகனுக்கு நாஸ்கார் கார் பந்தயம் என்றால் பைத்தியம். வீட்டில் வேறு யாருக்கும் அதில் ஆர்வமில்லை. மே மாதம் கன்கார்டில் நடந்த 600 மைல் பந்தயத்துக்கு அடம்பிடித்தான். முந்தின நாளே கேரேஜ் பகுதிக்குள் போகிற பாஸ் வாங்கி அழைத்துப்போனேன். தனக்குப் பிடித்த டிரைவரின் தொப்பியையும் ஒரு மார்க்கர் பேனாவையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றான். அன்று தகுதிச் சுற்றில் (மறுநாள் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவு செய்யும் ஓட்டம்) அந்த டிரைவரின் கார் சுவரில் மோதிவிட்டதாகப் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவர் வந்தார். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தொப்பியை நீட்டினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த போஸ்டரைக் கிழித்துப் போட்டான். மறுநாள் அதே ஆள் டிவியில், ரசிகர்கள்தான் எங்களுக்கு எல்லாம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். "இவர்கள் ஸ்பான்சருக்காக நடிப்பவர்கள்" என்கிறார் என் கணவர். டீமுக்குப் புகார் எழுதலாமா? பையனுக்கு என்ன சொல்வது?

ஒரு தாய், சார்லட், வட கரோலினா

பதில்: அன்புச் சகோதரி, புகார் வேண்டாம். எழுதினால் டீமிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு கடிதமும் கையெழுத்துப் போட்ட படமும் வரலாம். பையன் அதையும் கிழிப்பான்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் பாதி பதில் இருக்கிறது. தகுதிச் சுற்றில் கார் சுவரில் மோதியது என்கிறீர்களே, அதுதான். நீங்கள் பார்த்தது அதற்குப் பிறகு நடந்து போன மனிதரை. பழுது பார்க்க முடியாத அளவுக்கு மோதியிருந்தால் மாற்றுக் காரை இறக்க வேண்டும். மாற்றுக் கார் என்றால் மறுநாள் வரிசையின் கடைசியிலிருந்து புறப்பட வேண்டும். 400 சுற்று, நான்கு மணி நேரத்துக்கு மேல், காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும் சூடு. டீமின் பெரிய லாரிக்குள் அவருடைய தலைமை மெக்கானிக் உட்கார்ந்திருப்பார், என்ன நடந்தது என்று கேட்க. அந்த லாரிக்கும் அவருக்கும் நடுவில் நின்றது உங்கள் பையன்.

இதைச் சொல்லி அவரை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு விநாடி தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. வேறு பெரிய விளையாட்டுகளில் வீரர் வேலை செய்யும் இடத்துக்குள் ரசிகனை விடமாட்டார்கள். காலில் பேட் கட்டிக்கொண்டிருக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரரின் அறைக்குள் போய்த் தொப்பியை நீட்ட முடியுமா? நாஸ்காரில் பாஸ் வாங்கினால் டயர் மாற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். அவ்வளவு கிட்டத்தில் நிற்கும்போது, அவர் வேலையில் இருக்கிறார் என்பதே மறந்துபோகிறது. பெரியவர்களுக்கே மறக்கிறது, பதினொரு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

கிட்ட நிற்கும் இந்த உரிமையை ரசிகர்களுக்கு மிகவும் பழக்கிவிட்டவர் ரிச்சர்ட் பெட்டி. 43ஆம் எண் கார், இறகு வைத்த கவ்பாய் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. 200 பந்தயங்களில் வென்றவர், அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. கடைசி ஆள் போகும்வரை நின்று கையெழுத்துப் போடுவார். அதுவும் கிறுக்கல் கிடையாது, சுழித்துச் சுழித்து, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையெழுத்தோடு ஒப்பிடப்பட்டே வாழ்கிறார்கள். பாவம்தான்.

சரி, உங்கள் கணவர் சொன்னதற்கு வருவோம். பாதி சரி. ஜெயித்த கார் வெற்றி மேடைக்கு வந்த பிறகு நடப்பதை டிவி முழுதாகக் காட்டுவதில்லை. ஒருவர் அடுக்கடுக்காகத் தொப்பிகளை வைத்துக்கொண்டு நிற்பார். டிரைவர் ஒன்றைப் போடுவார், எல்லோரும் விரலைத் தூக்கிச் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். உடனே அந்தத் தொப்பி கழன்று அடுத்தது ஏறும். டயர் கம்பெனிக்கு ஒன்று, எண்ணெய் கம்பெனிக்கு ஒன்று, குளிர்பானத்துக்கு ஒன்று. நாலு மணி நேரம் வெந்து வெளியே வந்த ஆள், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல், ஒரே சிரிப்பை இருபது தடவை சிரிக்க வேண்டும். நடிப்பு என்றால் நடிப்புத்தான். ஆனால் அந்தத் தொப்பிகள் இல்லையென்றால் அடுத்த வாரம் கார் ஓடாது.

அங்கே யார் முதலாளி என்று தெரிய வேண்டுமானால் 2002இல் டிரைவர் டோனி ஸ்டூவர்ட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். இண்டியானபோலிஸ் பந்தயம் முடிந்து கோபமாக வந்தவர், ஒரு புகைப்படக்காரர்மீது கை வைத்துவிட்டார். பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு போட்ட அபராதம் 10,000 டாலர். அவருடைய ஸ்பான்சரான ஹோம் டிப்போ கடை நிறுவனம் தன் பங்குக்குப் போட்ட அபராதம் 50,000 டாலர். அந்த வருடப் பட்டத்தையும் அவரே வென்றார் என்பது வேறு கதை.

ஆனால் "நடிக்கிறார்கள்" என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. நடிக்காமல் பேசினால் என்ன ஆகிறது? 2004இல் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர் டல்லடேகா மைதானத்தில் ஐந்தாவது தடவையாக வென்றார். இந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று மைக்கை நீட்டிக் கேட்டார்கள். என் அப்பா இங்கே பத்துத் தடவை ஜெயித்திருக்கிறார், இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். அதில் ஒரு கெட்ட வார்த்தை விழுந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் பந்தயத்தில் இறந்த தகப்பன் டேல் ஏர்ன்ஹார்ட்டை நினைத்து, நெஞ்சிலிருந்து நேராக வந்த பேச்சு. கிடைத்தது 10,000 டாலர் அபராதம், வருடப் பட்டத்துக்காகச் சேர்க்கும் புள்ளிகளில் 25 வெட்டு. பட்டப் பட்டியலில் முதலிடமும் போனது.

2023இல் டிரைவர் டென்னி ஹாம்லின் கதை இன்னும் வேடிக்கை. ஃபீனிக்ஸ் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சக டிரைவர் ராஸ் சாஸ்டெய்னோடு மோதினார். மறுநாள் தன் பாட்காஸ்டில் வேண்டுமென்றேதான் செய்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 50,000 டாலர், 25 புள்ளிகள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மனசில் இருப்பதைப் பேசு என்று நாமே கேட்கிறோம், பேசினால் பில்லை நீட்டுகிறார்கள். இப்படி நாலு பில் கட்டிய பிறகு யாராக இருந்தாலும் "ரசிகர்கள்தான் எல்லாம்" என்று மனப்பாடமாகத்தான் சொல்வார்கள். கார் மோதி மேற்கொண்டு ஓட்ட முடியாமல் போனால் மைதானத்து மருத்துவ அறைக்குப் போய்விட்டு வர வேண்டும் என்பது விதி. அந்த அறை வாசலிலேயே மைக்குகள் காத்திருக்கும். அடி வாங்கி ஐந்து நிமிடம்கூட ஆகாத மனிதர் முதலில் ஸ்பான்சர் பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் விபத்தைப் பற்றிப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைக் கேட்டால் சிரிப்பும் வரும், சங்கடமாகவும் இருக்கும்.

நிஜமான குரல் வேறு இடத்தில் கிடைக்கும். அடுத்த தடவை மைதானத்தில் ஸ்கேனர் வாடகைக்கு எடுங்கள். காதில் மாட்டிக்கொண்டு உங்கள் டிரைவரின் எண்ணை வைத்தால், அவர் டீமோடு ரேடியோவில் பேசுவது அப்படியே கேட்கும். கார் வழுக்குகிறது என்று புலம்புவார், டயர் மாற்றத் தாமதமானால் கத்துவார், மைதானத்து உச்சியில் நின்று வழி சொல்கிறவர் "இன்னும் ஒரு கார், தாண்டிவிட்டாய்" என்று அமைதியாகச் சொல்வார். கெட்ட வார்த்தைகளும் வரும். அதையெல்லாம் பையன் பள்ளிப் பேருந்திலேயே கேட்டிருப்பான், பயப்படாதீர்கள். டிவியில் சிரிக்கிற ஆளையும் கேரேஜில் முகத்தைத் திருப்பிய ஆளையும்விட, இந்த ரேடியோ மனிதரை அவனுக்குப் பிடித்துப்போகலாம்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது டிரைவர் அல்ல. "வீட்டில் வேறு யாருக்கும் அதில் ஆர்வமில்லை" என்ற வரி.

அந்த ஊரில் ரசிகராக இருப்பது குடும்பச் சொத்து மாதிரி. ரசிகர்கள் வாக்களித்து ஒவ்வொரு வருடமும் மிகப் பிரபலமான டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா? 1991 முதல் முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பரிசு இரண்டே குடும்பங்களை விட்டு வெளியே போகவில்லை. பில் எலியட், பிறகு இறந்த வருடத்தில் டேல் ஏர்ன்ஹார்ட், மறுபடி பில், அப்புறம் ஏர்ன்ஹார்ட் மகனுக்குத் தொடர்ந்து 15 வருடம், 2018 தொடங்கி பில்லின் மகன் சேஸ் எலியட். வாக்குப் போட்டவர்கள் வீட்டிலும் தாத்தா, அப்பா, பேரன் என்றுதானே இது இறங்கியிருக்கும்? அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையனை டிரைவர் கவனிக்காமல் போனால், "1999இல் பிரிஸ்டல் மைதானத்தில் என்ன நடந்தது தெரியுமா?" என்று தாத்தா ஆரம்பித்துவிடுவார். கடைசிச் சுற்றில் ஏர்ன்ஹார்ட் முன்னால் போன டெர்ரி லபான்டியின் காரைத் தட்டிச் சுழலவிட்டு ஜெயித்தார், கூட்டம் முழுக்க ஊளையிட்டது. 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தின் கடைசித் திருப்பத்தில் அவர் இறந்தார். அந்த வருடம் முழுவதும், எந்த மைதானமானாலும், மூன்றாம் சுற்று வந்ததும் கூட்டம் எழுந்து நின்று மூன்று விரலைக் காட்டியது. அவர் கார் எண் 3. டிவி வர்ணனையாளர்கள் அந்தச் சுற்று முழுக்கப் பேசவில்லை. பிரிஸ்டலில் ஊளையிட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருந்திருப்பார்கள். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, ஒரு சனிக்கிழமை ஏமாற்றம் தாங்கும்.

உங்கள் பையனுக்கு அந்தத் தாத்தா இல்லை. கார் நிறத்தைப் பார்த்தோ எண்ணைப் பார்த்தோ தானாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தான், தனியாகவே ரசித்தான், அடியையும் தனியாகவே வாங்கினான். போஸ்டர் கிழிந்தது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவனுக்குச் சொல்ல நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், 2010இல் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயங்களுக்குப் போனார். அந்த வருடம் ஓட்டியது ஒன்பது பந்தயம், ஜெயித்தது ஒன்றுகூட இல்லை. வருடக் கடைசியில் டிரக் பிரிவின் மிகப் பிரபலமான டிரைவர் யார் என்று வாக்கெடுத்தால், நரேன்! தென் மாநிலங்களில் டிரக் பந்தயத்தோடு வளர்ந்த ரசிகர்கள் எப்படி முழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்து வாக்குப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு டிரக் பந்தயம் நடக்கும் மார்ட்டின்ஸ்வில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்? பையனிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பான்.

ஒரு நாள் வெல்கம் என்ற ஊருக்கும் அழைத்துப்போங்கள். ஊர்ப் பெயரே அதுதான், உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஏர்ன்ஹார்ட் ஓட்டிய ரிச்சர்ட் சில்ட்ரெஸ் டீமின் அருங்காட்சியகத்தில் ஏர்ன்ஹார்ட் 1998இல் டேடோனா 500 ஜெயித்த கறுப்புக் கார் இருக்கிறது. பத்தொன்பது வருடம் முயன்று தோற்ற பந்தயம் அது. அந்தத் தடவை பந்தயத்துக்கு முன் சக்கர நாற்காலியில் வந்த ஒரு சின்னப் பெண், இது அதிர்ஷ்டக் காசு என்று ஒரு செண்ட் நாணயத்தைக் கையில் கொடுத்தாள். கேரேஜுக்குப் போய் கோந்து தேடி அதை டாஷ்போர்டில் ஒட்டிக்கொண்டு ஓட்டினார். எதிராளிகள் நடுங்குகிற ஆள் என்று பெயர் வாங்கியவர், ஊளைக்கும் பஞ்சமில்லாதவர். காசை ஒட்டியதும் அதே ஆள்தான், லபான்டியைத் தட்டியதும் அதே ஆள்தான். பையனுக்கு நீங்கள் விளக்க வேண்டாம், காரைப் பார்த்தால் போதும்.

அடுத்த தடவைக்கு ஒரு யோசனை. தகுதிச் சுற்று முடிந்த நேரத்தில் நிற்காதீர்கள். காலையில், கார் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது, டிரைவருக்கு வேலை குறைவு. அல்லது ஸ்பான்சர் கடைகளில் அறிவித்து வைக்கும் கையெழுத்து நேரத்துக்குப் போங்கள். மார்க்கரின் மூடியை முன்னாலேயே திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். கிழிந்த போஸ்டரை நீங்கள் ஒட்டித் தராதீர்கள், அவனுக்கே தோன்றினால் டேப் கேட்பான்.

அப்புறம், நீங்களும் கணவரும் ஆளுக்கொரு டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். அவனுடைய டிரைவரை அல்ல, வேறு ஆளை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சண்டை வர வேண்டும். யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். என்னுடையது 11ஆம் எண், மேலே சொன்ன அதே ஹாம்லின். பிரிஸ்டலில் ஜெயித்துவிட்டு, ஊளையிட்ட கூட்டத்தைப் பார்த்து "உங்களுக்குப் பிடித்த டிரைவரைத் தோற்கடித்துவிட்டேன்" என்று மைக்கில் சொன்னவர். உங்கள் பையனுக்கு அவரைப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.