பூட்டிய செய்தியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்

கேள்வி: காட்டு விலங்குகளைக் கண்காணிக்க வயர்லெஸ் சென்சார் வைப்பதுதான் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். செய்தி முழுவதையும் என்கிரிப்ட் செய்துவிட்டோம். ஆனாலும் விலங்கு இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடும் என்கிறார் எங்கள் கைடு. எப்படி?
— பொறியியல் மாணவி, ஈரோடு

பதில்: உங்கள் கைடு சொல்வது சரி. நான் ஹாம் ரேடியோக்காரன், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்குபவன். நாங்கள் 'நரி வேட்டை' என்று ஒன்று ஆடுவோம். ஒருவர் சின்ன டிரான்ஸ்மிட்டரைப் புதரில் ஒளித்து வைப்பார், மற்றவர்கள் தேட வேண்டும். இரும்பு அளவு டேப்பை வெட்டிச் செய்த ஆன்டெனாவைச் சுற்றிப் பிடித்து, சிக்னல் ஓங்கும் பக்கம் நடப்போம். கிட்டே போனதும் எல்லாப் பக்கமும் மீட்டர் முள் உச்சியில் நிற்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ரிசீவரை நெஞ்சோடு அணைத்தபடி மெதுவாகத் திரும்புவேன். என் உடம்பே சிக்னலை மறைக்கும். முள் எங்கே இறங்குகிறதோ, அங்கே நரி என் முதுகுப் பக்கம். அது என்ன பேசுகிறது என்பது எனக்குத் தேவையே இல்லை.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் கழுத்தில் சிக்னல் அனுப்பும் ரேடியோ காலர் மாட்டிய விலங்குகளை இப்படிச் சிலர் தேடிப்போனதால், பொதுமக்கள் அந்தச் சிக்னலைப் பிடிக்கும் வகை ரிசீவரைப் பயன்படுத்தவே தடை வந்தது.

சென்சார் வலையில் இது இன்னும் சுலபம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004, 2005-ல் இதைப் பாண்டாவும் வேட்டைக்காரனுமாக வைத்து விளக்கினார்கள். பாண்டாவைக் கண்ட சென்சாரின் செய்தி கைமாறிக் கைமாறித் தலைமை நிலையத்துக்கு வருகிறது. நிலையத்தருகே காத்திருப்பவன், கடைசியாக அனுப்பிய சென்சாரைத் திசை பார்த்து, அங்கே போய் உட்காருகிறான். அடுத்த செய்திக்கு இன்னும் ஒரு எட்டு. இப்படியே பாண்டாவிடம் போய்விடுவான்.

அவர்கள் சொன்ன வழி, செய்தியை முதலில் சில சென்சார்கள் வழியே அலையவிட்டு, அப்புறம் நிலையத்துக்கு அனுப்புவது. ஒவ்வொரு செய்தியும் வேறு வேறு இடத்திலிருந்து கிளம்பியதுபோல் தோன்றும். இங்கே கவனம் வேண்டும். கால்போன போக்கில் அலையவிட்டால், செய்தி முன்னும் பின்னும் ஆடி, புறப்பட்ட இடத்தையே சுற்றும். அதனால் முதலிலேயே குலுக்கல் முறையில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அந்தப் பக்கமாகவே விலகிப்போக வையுங்கள்.

காடு முழுவதையும் ஒட்டுக்கேட்பவனிடம் இது பலிக்காது. முதலில் வாய் திறந்த சென்சார் எது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்கு, விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் எல்லா சென்சாரும் ஒரே இடைவெளியில், ஒரே அளவில் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டரி சீக்கிரம் தீரும், மாற்றுவதற்கு ஆள் அடிக்கடி காட்டுக்குள் போக வேண்டும். அந்தக் காலடித் தடமே விலங்குக்கு ஆபத்து என்பது என் கவலை. நீங்கள் அலையவிடும் முறையையே எடுங்கள்.

அறிக்கையில் ஒரு எண் கட்டாயம் இருக்கட்டும்: வேட்டைக்காரன் விலங்கை எட்டுவதற்குள் எத்தனை செய்திகள் கிளம்பியிருக்கும்? நேர்வழியில் ஒருமுறை, அலையவிட்டு ஒருமுறை அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.