மைனஸ் 40-ல் ஓர் ஆல்பம்

வணக்கம் சார்,

கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து பிரெஞ்சில் பாடும் இசைக்குழுவான மலாஜூபின் ‘த்ரோம்ப்-லெய்’ ஆல்பத்தைக் கொஞ்ச நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 2006-ல் வந்தது. பிரெஞ்சு எனக்குச் சுத்தமாகத் தெரியாது. “என்ன புரிஞ்சுதுன்னு தலையாட்டுறே?” என்று வீட்டில் கேலி. ஒரு வார்த்தைகூடப் புரியாமல் பாட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்வது வெறும் பாவனைதானா? இன்னொன்று, வெளியாட்களுக்காகக் கொஞ்சம் வளைந்து கொடுத்துத்தான் இவர்கள் பிரெஞ்சு வட்டத்தைத் தாண்டினார்களா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

பாவனை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆல்பத்தின் ‘மான்ட்ரியல் -40°’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஜூலியன் மினோவின் குரல் கிடார்களுக்கு நடுவே புதைந்து கிடக்கிறது. பாதி முணுமுணுப்பு, பாதி கத்தல். சொற்கள் கரைந்துபோய் இழுவை மட்டும் மிஞ்சுகிற இடங்கள் நிறைய. பிரெஞ்சுக்காரரே வரிகளைத் தாளில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சொந்த ஊரின் குளிரைத் திட்டுகிற பாட்டு, ஆனால் துள்ளிக்கொண்டு போகிறது. (மைனஸ் 40-ல் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான். அமெரிக்காவுக்குப் போனாலும் தலைப்பை மாற்ற வேண்டாம்!)

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. மான்ட்ரியல் இருக்கிற அதே கியூபெக் மாகாணத்தின் பாடகர் ஃபெலிக்ஸ் லெக்லேரைக் கேட்டால் ஒரு கிடார், ஒரு குரல், மற்றதெல்லாம் வரிகள்தான். மொழி தெரியாதவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

வளைந்து கொடுத்தார்களா என்றால், அதற்கு அவசியமே இருக்கவில்லை. கனடாவின் பிரெஞ்சு வணிக வானொலிகள் ஒலிபரப்பும் ஜனரஞ்சகப் பாடல்களில் வாரத்துக்குக் குறைந்தது 65% பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்தின் பக்கமே போகாமல் ஒரு குழு உள்ளூரில் காலம் தள்ள அது உதவும். ஆனால் ஊரைத் தாண்டினால் அந்த விதி செல்லாது. மலாஜூபுக்கு நேரம் கூடிவந்தது என்றுதான் நினைக்கிறேன். 2004-ல் அதே மான்ட்ரியலின் ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ஃபியூனரல்’ ஆல்பம் வந்தபின் ஆங்கிலப் பத்திரிகைகள் அடுத்தது யார் என்று மான்ட்ரியலை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. 2006-ல் கனடாவின் சிறந்த ஆல்பத்துக்கான போலாரிஸ் பரிசும் தொடங்கியது. விற்பனையைப் பார்க்காமல் விமர்சகர்களும் ஒலிபரப்பாளர்களும் தேர்ந்தெடுக்கிற பரிசு அது. முதல் வருட இறுதிப் பட்டியலின் 10 ஆல்பங்களில் பிரெஞ்சு ஆல்பம் ‘த்ரோம்ப்-லெய்’ மட்டும்தான். பரிசு கிடைக்கவில்லை. ஒரு பிரெஞ்சு ஆல்பம் அதை வாங்க 2010 ஆயிற்று. அது கார்க்வா குழுவின் ‘லே ஷெமேன் த வேர்’.

சரி, வெளியே பேர் கிடைத்த பிறகாவது மலாஜூப் ஆங்கிலத்துக்குத் தாவியதா? அதுவும் இல்லை. 2009-ல் ‘லாபிரான்த்’, 2011-ல் ‘லா கவெர்ன்’, இரண்டும் பிரெஞ்சுதான். ‘லாபிரான்த்’ இன்னும் இருண்டது, துள்ளலும் குறைவு. ‘த்ரோம்ப்-லெய்’ சலித்த பிறகு அதற்குப் போங்கள், முதலிலேயே வேண்டாம்.