எல்லோருக்கும் 2,000 ரூபாய் ஏற்றினால் ஆட்கள் நிற்பார்களா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 120 பேர் வேலை செய்யும் உங்கள் நிறுவனத்திலிருந்து ஓராண்டில் 30 பேர் போய்விட்டார்கள், எல்லோருக்கும் மாதம் 2,000 ரூபாய் ஏற்றினால் அட்ரிஷன், அதாவது ஆட்கள் வேலையை விட்டுப் போவது, குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஏற்றினால் ஆண்டுக்கு 28 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் செலவு. அந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன், போன 30 பேரில் ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் கழித்துப் போனார்கள் என்று பிரித்துப் பாருங்கள். போனவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் 25 சதவீதம் வரும். அந்த ஒற்றை எண்ணை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எப்போது போனார்கள் என்று தெரிந்தால், ஏன் போனார்கள் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

முதல் மூன்று மாதத்துக்குள் போனவர்கள் அதிகம் என்றால், கோளாறு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறது. சேரும்போது சொன்னது ஒன்று, வந்து பார்த்தது வேறு. பெரிய ஏமாற்றம் முதல் சம்பளத்தில்தான் வரும். சி.டி.சி., அதாவது ஒருவருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை, 25,000 என்று சொல்லிச் சேர்க்கிறீர்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000 என்று வைத்தால், நிறுவனத்தின் பங்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் 721, தொழிலாளியின் பங்கு பி.எஃப். 1,800 எல்லாம் போய்க் கைக்கு வருவது 20,700-க்கும் கீழே. சட்டப்படி எல்லாம் சரிதான், ஆனால் வீட்டில் 25,000 என்று சொல்லிவிட்டு வந்த பையனுக்கு அது ஏமாற்றுவேலை போலத்தான் படும். ஆஃபர் கடிதத்திலேயே டேக் ஹோம் தொகையைத் தனி வரியாக எழுதுங்கள். சேர்வதற்கு முன் அரை மணி நேரம் ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக் காட்டுங்கள்: சூடு, சத்தம், எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, நைட் ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்பது உட்பட. சிலர் அப்போதே வேண்டாம் என்பார்கள். இரண்டு வாரம் பயிற்சி கொடுத்த பிறகு போவதைவிட அது மேல்.

போக்குவரத்தும் இந்தக் கட்டத்திலேயே ஆளை விரட்டும். திருவள்ளூர், அரக்கோணம் பக்கமிருந்து வருபவர்கள் மின்சார ரயிலை நம்பி வருகிறார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரமும் ரயில் நேரமும் பத்து நிமிடத்தில் தவறினால், தினமும் நாற்பது நிமிடம் பிளாட்பாரத்தில் போகும். ஷிஃப்டைக் கால் மணி நேரம் நகர்த்த ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெரிய ஆலைகள் கம்பெனி பஸ்ஸும் கேன்டீன் சாப்பாடும் சேர்த்துக் கொடுக்கின்றன. உங்கள் போட்டி அவற்றோடும்தான் என்பதால், சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். நவம்பர் மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற நாளில் லேட் மார்க் போட்டு அரை நாள் சம்பளம் பிடிப்பதை உடனே நிறுத்துங்கள்.

ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போகிறவர்களிடம் சம்பளம் உண்மையாகவே காரணமாக இருக்கும். ஆனால் வெளியில் கிடைப்பதைவிட, உள்ளே பக்கத்து மெஷினில் நிற்பவர் வாங்குவதுதான் அதிகம் உறுத்தும். மூன்று ஆண்டு அனுபவமுள்ளவர் 22,000 வாங்கும்போது, புதிதாக வந்தவருக்கு அதே வேலைக்கு 24,000 கொடுத்தால், அந்தச் செய்தி டீ நேரத்துக்குள் பரவிவிடும். புது ஆளுக்கு ஆஃபர் போடும்போதெல்லாம் அதே வேலையில் இருக்கும் பழையவர்களின் சம்பளப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே சரிசெய்யுங்கள், இன்க்ரிமென்ட் காலம் வரை காத்திருக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் 2,000 ரூபாயில் ஒரு கண்ணி இருக்கிறது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை தரும் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.-க்கு, 2017 முதல் சம்பள வரம்பு மாதத்துக்கு 21,000 ரூபாய். 20,500 வாங்குபவருக்கு 2,000 ஏற்றினால் அவர் வரம்பைத் தாண்டிவிடுவார். நடப்புச் சந்தாக் காலம், அதாவது செப்டம்பர் அல்லது மார்ச், முடியும்வரை சந்தா தொடரும், அந்தச் சந்தாவுக்குரிய பலன் காலம் முடியும்வரை சிகிச்சையும் கிடைக்கும். அதன்பின் கே.கே.நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் அவர் குடும்பத்துக்குக் கிடைத்துவந்த சிகிச்சை நின்றுபோகும். சர்க்கரை நோய்க்கு அங்கே மாத்திரை வாங்கும் அம்மா வீட்டில் இருந்தால், ஏற்றிய பணம் மருந்துக் கடைக்கே போகும். 20,500-க்கு நிறுவனத்தின் பங்காக நீங்கள் இ.எஸ்.ஐ.-க்குக் கட்டிவந்த 3.25 சதவீதம் ஆண்டுக்குச் சுமார் 8,000 ரூபாய். அது உங்களுக்கு மிச்சமாகிறது. அதைக் கொண்டு, பெற்றோரையும் சேர்த்த குழு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுங்கள். போதாவிட்டால் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். இதைச் செய்யாமல் வரம்பைத் தாண்ட வைப்பது தொழிலாளிக்கு அநியாயம்.

அடுத்து சூப்பர்வைசர். போனவர்களை அவரவர் சூப்பர்வைசர் பெயருக்கு நேராக எழுதிப் பாருங்கள். ஒருவரின் கீழ் மட்டும் குவிந்திருந்தால் அங்கே சம்பளம் ஏற்றி ஒன்றும் ஆகாது. நன்றாக வெல்டிங் செய்தவரைப் பயிற்சி எதுவும் கொடுக்காமல் சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறோம். அவருக்கு மெஷின் தெரியும், நாலு பேர் முன்னால் திட்டக்கூடாது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். லீவு மறுப்பதுதான் அடிக்கடி வெடிக்கும் இடம். தென்மாவட்டத்துக்காரர் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போயே ஆவார், லீவு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டும் போவார். ஜனவரியிலேயே ஒவ்வொருவரிடமும் அந்த ஆண்டில் தவிர்க்க முடியாத தேதிகளைக் கேட்டு எழுதி, ஷிஃப்டை அதற்கேற்ப அமையுங்கள்.

நாலைந்து ஆண்டு இருந்துவிட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் இழப்பு பெரிது. அச்சுகளையும் கருவிகளையும் செய்யும் டூல் ரூம் ஆள் ஒருவர் போவது ஐந்து ஹெல்பர்கள் போவதற்குச் சமம். அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னது இவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்: சம்பளமும் சூழலும் குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே ஈடுபாடு வந்துவிடாது. அது பொறுப்பிலிருந்தும் வளர்ச்சியிலிருந்தும் வருகிறது. ஆபரேட்டரிலிருந்து செட்டர், அங்கிருந்து புரோகிராமர் என்று அடுத்த படி என்ன, அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் எவ்வளவு கூடும் என்பதை எழுதி ஒட்டுங்கள்.

பேப்பர் போட்ட பிறகு, அதாவது ராஜினாமா கொடுத்த பிறகு, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேப்பர் போட்டால்தான் சம்பளம் ஏறும் என்று மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். அதே தொகையை ஆறு மாதம் முன்பே கொடுத்திருக்கலாம். போகிறவரின் ரிலீவிங் லெட்டரையும் சான்றிதழையும் பிடித்துவைப்பது அதைவிட மோசம், இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது.

போகும்போது காரணம் கேட்கும் எக்ஸிட் இன்டர்வியூவில் எல்லோரும் ‘சொந்தக் காரணம்’ என்றே எழுதுவார்கள், செட்டில்மென்ட் பாக்கி இருக்கும்போது யார் உண்மை சொல்வார்? மூன்று மாதம் கழித்து, அவருடைய மேலதிகாரி அல்லாத ஒருவர் போன் செய்து கேட்கட்டும்.

இந்த வாரமே ஒரு எக்செல் தாள் போடுங்கள்: சேர்ந்த தேதி, போன தேதி, சூப்பர்வைசர், ஷிஃப்ட், வீடு இருக்கும் ஊர், கடைசிச் சம்பளம், அதே வேலையில் இப்போது அதிகம் வாங்குபவரின் சம்பளம். 30 வரிதான். போன தேதி வரிசையில் அடுக்கி, தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுமாதத்தில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அவர்கள் முன்பே முடிவெடுத்துவிட்டு போனஸுக்காகக் காத்திருந்தவர்கள் என்பதால், காரணத்தை ஜூலை, ஆகஸ்டில் தேட வேண்டும். அந்தத் தாளில் முதல் மூன்று மாத வரிகள் பாதிக்கு மேல் இருந்தால், 28 லட்சத்தைத் தொடாமலேயே பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம்.