மூன்று கூறு, ஒரே வாளி

வணக்கம் ஐயா,

நான் திருவொற்றியூர். பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். ஆராய்ச்சியோடு சேர்ந்த எம்.எஸ்சி. படிக்க ஆசை. எங்கே சேர்ந்தால் நல்லது? பயோடெக் எடுத்தால்தான் எதிர்காலம் என்கிறார்கள், உண்மையா? அம்மா பி.எட். முடித்து வேலைக்குப் போ என்கிறார். என் ஆங்கிலமும் சுமார்தான். கல்லூரி லேபில் பெரிய கருவிகள் கிடையாது. இதை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வர முடியுமா?

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எண்ணூர் கழிமுகத்தில் காக்கா ஆழி என்கிற சிப்பியை எடுத்தேன். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், அத்திப்பட்டுப் பக்கம் என மூன்று ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் ஒரு வாளி சேறு அள்ளி, மூன்று கூறாகப் பிரித்து எண்ணினேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பக்கம் அதிகம் இருந்தது. அனோவா போட்டதில் பி-வேல்யூ 0.05-க்குக் கீழே வந்தது. சாம்பிள் சைஸ் 3 என்று எழுதியிருக்கிறோம். டி.என்.ஏ.வை வைத்து இனம் காணும் பார்கோடிங் செய்யவும் நினைத்து ஃபார்மலினில் போட்டு வைத்தோம். டி.என்.ஏ. பேண்ட் (கோடு) வரவே இல்லை. அடுத்த மாதம் வைவா.

எஸ்., திருவொற்றியூர்

*

அன்புள்ள எஸ்.,

இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்காமல் போகிறபோக்கில் சொன்ன அந்த வாளிதான் என்னைப் பதில் எழுத வைக்கிறது. சில வாரங்களாக எம்.எஸ்சி. ஆய்வேடுகளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் அதே வாளிதான், ஊர் மட்டும் வேறு.

முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்வதில் தவறில்லை, அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். எம்.எஸ்சி.க்குப் பிறகும் பி.எட். படிக்கலாம், அப்போது மேல்நிலை வகுப்புகளுக்கும் போக வழி உண்டு என்று சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். அங்கே வருகிற வினைச்சொற்கள் கொஞ்சம்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். பயோடெக்கா விலங்கியலா என்பது துறை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எங்கே சேர்வது? வழிகள் பல. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் வரும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுதான் வாசல். அதன் பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ அளவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வரும். பிளஸ் டூவில் கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்காரர்கள் விழுவது அங்கேதான். நீங்களும் அந்த குரூப் என்றால் இப்போதே பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு உண்டு. கடல், கழிமுகம் என்றே போக வேண்டுமென்றால், வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வர வேண்டுமா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இருக்கிறது. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம்.

‘ஆராய்ச்சியோடு சேர்ந்த எம்.எஸ்சி.’ என்பதில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பெரும்பாலும் மூன்று செமஸ்டர் வகுப்பு, நான்காவதில் ஆய்வேடு. கையில் கிடைப்பது நான்கு மாதம். இரண்டாம் ஆண்டு முழுவதையும் ஆய்வுக்கே விடலாம் என்று யு.ஜி.சி.யின் 2024 முதுநிலைக் கட்டமைப்பு சொல்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் அது நடைமுறையில் இல்லை. முன்பு அந்த இடைவெளியை எம்.ஃபில். நிரப்பியது. அதை 2022 விதிமுறைகளில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியது, ஆய்வுக்கு எத்தனை மாதம், கேள்வியை யார் தீர்மானிக்கிறார்கள், ப்ரைமருக்கும் ரசாயனத்துக்கும் யார் காசு என்பவற்றை. பல துறைகளில் கடைசிக் கேள்விக்குப் பதில் ‘மாணவர்’.

இனி வாளிக்கு வருகிறேன்.

அனோவா என்ன செய்கிறது? ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை, ஸ்டேஷனுக்குள்ளே உள்ள சிதறலால் வகுக்கிறது. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும். ஒரு வாளியை நன்றாகக் கலக்கி மூன்றாகப் பிரித்தால் மூன்று கூறிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். உதாரணத்துக்கு, முதல் ஸ்டேஷனில் 41, 44, 43. இரண்டாவதில் 60, 62, 65. மூன்றாவதில் 52, 50, 53. கணக்குப் போட்டால் அந்த விடை, அதாவது எஃப் மதிப்பு, ஏறத்தாழ 79. பி-வேல்யூ, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.001-க்கும் கீழே ஓடிவிடும். பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் 41-க்கும் 44-க்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன வித்தியாசம் எதைக் காட்டுகிறது? நீங்கள் சேற்றை எவ்வளவு நன்றாகக் கலக்கினீர்கள், எவ்வளவு கவனமாக எண்ணினீர்கள் என்பதை. கழிமுகத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பத்து மீட்டர் தள்ளி இன்னொரு வாளி அள்ளியிருந்தால் 5 வந்திருக்கலாம், 120 வந்திருக்கலாம். ஆழி நாரால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திட்டுத் திட்டாக வளர்கிற பிராணி. திட்டின் மேல் வாளி விழுந்தால் ஒரு கதை, திட்டுக்கு வெளியே விழுந்தால் வேறு கதை. அந்தச் சிதறல்தான் வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். அதை நீங்கள் அளக்கவே இல்லை. உங்கள் சாம்பிள் சைஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று. காசிமேட்டில் ஒரே அம்மாவிடம் வஞ்சிரத்தின் விலையை மூன்று தடவை கேட்டுவிட்டு, மூன்று கடையில் விசாரித்தேன் என்று வீட்டில் சொல்வீர்களா?

இது வடசென்னைக் கல்லூரிக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர், வெளியான களச் சோதனைக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தார். புள்ளியியல் சோதனை போட்டிருந்தவற்றில் ஏறக்குறைய பாதியில் இதே கோளாறு. சூடோரெப்ளிகேஷன், அதாவது போலியாக மறுபடி அளப்பது, என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஆகவே வெட்கப்பட வேண்டாம். தெரிந்த பிறகும் செய்தால் வெட்கப்படுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். ஒரு ஸ்டேஷனில் ஒரு வாளிக்குப் பதில் நூறு வாளி அள்ளினாலும் உங்கள் முடிவு நிற்காது. நீங்கள் சொல்ல வருவது ‘சாம்பல் படிந்த இடத்தில் ஆழி அதிகம்’ என்பது. சாம்பல் படிந்த இடம் உங்களிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று மற்றவற்றிலிருந்து சாம்பலால் மட்டுமா வேறுபடுகிறது? முகத்துவாரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, உப்பு வேறு, நீரோட்டம் வேறு, அனல்மின் நிலையத்தின் வெந்நீர் வேறு. எது காரணம் என்று ஆழி வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

சரியாகச் செய்வதென்றால் இப்படி. சாம்பல் படிந்த இடங்கள் நான்கு, படியாதவை நான்கு. முகத்துவாரத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி என்று வைத்தால், நாளால் வரும் மாற்றம் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் போய்விடும். ஒவ்வொரு இடத்திலும் ஆறு குவாட்ராட், அதாவது எண்ணும் பரப்பைக் குறிக்கும் சதுரச் சட்டம். பி.வி.சி. குழாய்த் துண்டு நான்கு, எல்போ நான்கு இருந்தால் குவாட்ராட் தயார். எல்போ நீளத்தைக் கூட்டிவிடும் என்பதால், பொருத்திய பிறகு உள்விளிம்பை அளந்து 25 சென்டிமீட்டர் வருமாறு வெட்டுங்கள். குழாயில் ஓட்டை போடுங்கள், தண்ணீர் புகுந்தால்தான் மிதக்காமல் அமரும். அதைத் தூக்கி எறியக் கூடாது. எறிகிற கை தானாக அடர்ந்த திட்டைப் பார்த்துத்தான் எறியும். 30 மீட்டர் டேப்பை விரித்து, ஃபோனில் தற்செயல் எண் ஆறு எடுத்து, அந்த மீட்டர்களில் வையுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லையா, பூஜ்யம் என்று எழுதுங்கள். பூஜ்யத்தைத் தவிர்த்து நகர்த்தி வைப்பதுதான் அடுத்த பெரிய திருட்டு.

பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை அள்ளி, ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் அலசுங்கள். கொத்தைப் பிய்க்காதீர்கள், நாரைக் கத்தரியால் வெட்டுங்கள். சதை இல்லாத ஓடுகளைத் தனியாக எண்ணுங்கள். எண்ணிக்கையை 16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு வரும். நீர் வற்றும் நேரத்தை ஏற்றவற்ற அட்டவணையில் பார்த்துப் போங்கள். உங்கள் அப்பாவுக்கு அட்டவணையே வேண்டாம், அவரைக் கேட்டாலே போதும். எல்லா இடத்திலும் வற்றத்தின் ஒரே கட்டத்தில் உப்பளவை எடுங்கள். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு நாளும் முதலில் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இப்போது உங்களிடம் 48 குவாட்ராட். கணக்குக்குப் போகும் எண்கள் 48 அல்ல, எட்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஆறின் சராசரி ஒன்று. எண்ணிக்கைகள் தாறுமாறாக இருந்தால் சராசரிகளை லாகரிதமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஜோடிகளுக்கான டி-டெஸ்ட் போட்டால் சுதந்திர அளவு (ஜோடிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) மூன்றுதான், பி-வேல்யூ 0.05-க்குக் கீழே வர டி மதிப்பு 3.182-ஐத் தாண்ட வேண்டும். கடினம்தான். குவாட்ராட்டை நூறாக்கி இதை ஏமாற்ற முடியாது. ஜோடியைக் கூட்டினால் மட்டுமே கணக்கு இறங்கி வரும். நேரமும் ஆளும் மிச்சமிருந்தால் ஐந்தாவது, ஆறாவது ஜோடி தேடுங்கள், ஏழாவது குவாட்ராட்டுக்குப் போகாதீர்கள்.

இதே வாளி லேபுக்குள்ளும் இருக்கிறது. நச்சுச் சோதனைக்கு ஒரு தொட்டியில் மருந்து, ஒரு தொட்டியில் வெறும் நீர், தொட்டிக்குப் பதினைந்து மீன், ‘சாம்பிள் சைஸ் 15’. இல்லை, ஒன்று. ஒரு தொட்டியில் அம்மோனியா ஏறினால் பதினைந்தும் சேர்ந்துதான் தவிக்கும். ஒரே டியூபிலிருந்து எடுத்து டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். கருவியின் மூன்று குழியில் போட்டால் அதுவும் ஒன்றுதான். ‘பருவகால மாறுபாடு’ என்று தலைப்பு வைக்கிறார்களே, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிட்டு? பருவத்துக்கு ஒன்று. அதுவும் நான்காம் செமஸ்டரில் மழைக்காலமே கிடையாது. காசிமேட்டு ஏலக்கூடத்து மீனை வைத்து ஆய்வு என்றால், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு மீன் வராது. ஜனவரியில் தலைப்பைப் பதிவு செய்யும்போது இது நினைவில் வராமல், ஏப்ரல் கடைசியில் கைடு முன்னால் போய் நிற்பவர்கள் அனேகம்.

ஃபார்மலின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது புரதத்தையும் டி.என்.ஏ.வையும் பின்னிக் கட்டிவிடும், இழையையும் துண்டாக்கும். பார்கோடுக்கு வேண்டிய சி.ஓ.1 மரபணுத் துண்டு ஏறத்தாழ 650 பேஸ் நீளம். அவ்வளவு முழு இழை மிஞ்சியிருக்காது. 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். அப்படியே முழு ஆழியைப் போட்டால் அது ஓடுகளை இறுக மூடிக்கொள்ளும், எத்தனால் உள்ளே போகாது, சதை அழுகும். திறந்து, காலிலிருந்தோ ஓடுகளை மூடும் தசையிலிருந்தோ சிறு துண்டு வெட்டுங்கள். துண்டைப் போல் ஐந்து மடங்கு எத்தனால் இருக்கட்டும், மறுநாள் மாற்றிவிடுங்கள். மேலுறைச் சதை வேண்டாம், அதில் இனப்பெருக்கத் திசு கலந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் பல இனங்களில் ஆணுக்குத் தந்தை வழி மைட்டோகாண்ட்ரியாவும் வரும், டி.என்.ஏ. வரிசை குழம்பிவிடும். லேபிளைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். பிறகும் பேண்ட் வரவில்லையென்றால் டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள், மெல்லுடலிகளின் வழவழப்புச் சர்க்கரைதான் அனேகமாகத் தடுத்துக்கொண்டிருக்கும். பார்கோடு உங்களுக்குத் தேவைதான். தென் அமெரிக்கக் கரைகளிலிருந்து வந்த இந்த ஆழி கறுப்பு, பழுப்பு, பச்சை என்று பல நிறத்தில் வரும். சின்னதில் நம்மூர்ப் பச்சை ஆழியோடு கண் குழம்பும்.

பார்த்தீர்களா, இதுவரை சொன்னதில் கல்லூரியில் இல்லாத பெரிய கருவி எது? பி.சி.ஆர். மட்டும். அதற்கு வேறு லேபில் கையேந்தலாம். ‘எங்கள் லேபில் ஒன்றுமில்லை’ என்ற புலம்பலை இனி எனக்கு எழுத வேண்டாம்.

எங்கே சேர்வது என்று மறுபடி கேட்டால் இதைத்தான் சொல்வேன். மனதில் இருக்கும் துறைக்குப் போய், அந்தக் கைடின் கீழ் வந்த ஐந்து ஆய்வேடுகளை நூலகத்தில் கேட்டு வாங்கி, செய்முறை அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். சாம்பிள் சைஸ் என்று எழுதியிருப்பது எது, வாளியா, கூறா, தொட்டியா, மீனா? தனியார் லேபில் காசு கொடுத்து வாங்கிய எண்கள் எத்தனை பக்கம்? ஐந்தில் குறைந்தது மூன்று சரியாக இருந்தால் அங்கே சேருங்கள், தரவரிசையைப் பார்க்காதீர்கள்.

வைவாவுக்கு நாள் இருக்கிறது. கைடிடம் போய் ‘நீங்கள் சொன்னது தப்பு சார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘சார், எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் சாம்பிள் சைஸ் பற்றிக் கேட்டால் என்ன சொல்லட்டும்?’ என்று கேளுங்கள். அவர் யோசிப்பார். சம்மதித்தால் அனோவா அட்டவணையை எடுத்துவிட்டு, மூன்று கூறையும் கூட்டி ஸ்டேஷனுக்கு ஒரே எண்ணாகக் கொடுங்கள். தலைப்பிலிருந்து ‘சாம்பலின் தாக்கம்’ போகட்டும், ‘மூன்று இடங்களில் காக்கா ஆழி, ஒரு முதற்கட்டக் கணக்கெடுப்பு’ என்று இருக்கட்டும். சம்மதிக்கவில்லையென்றால் அட்டவணை இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்க்க அனுமதி கேளுங்கள்: ‘மூன்று கூறுகளும் ஒரே வாளியிலிருந்து எடுக்கப்பட்டவை.’