வாசல் கோலத்தைப் படம் பிடிக்க: கேள்வி பதில்

மார்கழி நெருங்குகிறது. கோலத்தைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): படத்தில் கோலம் வெறும் வெள்ளைப் பட்டையாக விழுகிறது. கேமராவில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, அம்மா. தண்ணீர் தெளித்த வாசல் கறுத்திருக்கும். அந்தக் கருமையைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட, மாவு வெளிறிப்போகிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, −1க்கு இறக்குங்கள்.

இன்னொன்று, உச்சிவெயிலில் எடுக்கவே வேண்டாம். சூரியன் எழுந்த அரை மணி நேரத்துக்குள், வெயில் சாய்ந்து விழும்போது எடுங்கள். ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் நூலிழையாக ஒரு நிழல் படியும். மாவு எங்கே கெட்டியாக விழுந்தது, விரல் எங்கே தயங்கியது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அந்த நிழல் இல்லாத கோலப் படம் எனக்கு நிறைவு தருவதில்லை. மாக்கோலமானால் காயும்வரை பொறுங்கள். ஈரத்தில் மங்கிக் கிடக்கும் இழை காய்ந்த பிறகுதான் பளிச்சென்று வெளுக்கும்.

கேள்வி (வாசகர், மதுரை): வட்டமான கோலம் முட்டை வடிவத்தில் வருகிறது.

பதில்: நின்றபடியே கேமராவைச் சாய்த்து எடுத்திருக்கிறீர்கள். லென்ஸ் தரையை நேர் கீழாகப் பார்க்க வேண்டும். மாடியிலிருந்து ஜூம் செய்து எடுப்பது உத்தமம். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனியுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், சேலம்): விடியுமுன் வாசல் விளக்கில் வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக ஓடுகிறது.

பதில்: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், தம்பி. அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்; நொடிக்கு 25 ஃபிரேம் போதும். பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும். புள்ளி வைத்து முடித்ததும் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கை குறுக்கே வரும்போதெல்லாம் தரை மங்கும்.

கேள்வி (வாசகி, திருச்சி): அம்மா சிக்குக்கோலம் போட அரை மணி நேரம் ஆகும். முழுவதையும் எப்படிக் காட்டுவது?

பதில்: டைம்லாப்ஸ் வையுங்கள். 2 நொடிக்கு ஒரு படம் என்றால் 30 நிமிடத்தில் 900 படங்கள். நொடிக்கு 25 படம் வீதம் ஓட்டிப் பார்க்க 36 நொடிதான். ஆனால் அம்மாவின் கையைத் தனியாக ஒரு நிமிடமாவது இயல்பான வேகத்தில் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் உரச உரச மாவு இறங்குவதும், புள்ளியைச் சுற்றும்போது மணிக்கட்டு திரும்புவதும் வேகப்படுத்திய படத்தில் காணாமல் போய்விடும். கேமராவை ஒரு மணையின் மேல் வைத்தால் உயரம் சரியாக இருக்கும்.